ஒழுகும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறொன்று!

நம்ம வீடு - வாரத் தொடர்

போன கார்த்திகையில் ஒருநாள், விடியற்காலை நாலரை மணிக்கு அம்மாவிடமிருந்து போன். ஊரைவிட்டு வந்து சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் வரும் போனை எடுப்பதற்குள் என்னென்ன ஓடும் என்று. "பதறாத. அப்பாயிக்கு ஒண்ணும் ஆகல" என்றுதான் அம்மா ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் பதறாமல் இருக்க முடியுமா?

மன்னார்குடியில் எங்கள் வீட்டில் அப்பாயி படுக்கிற அறையின் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. சோற்றுத் தட்டைவிடப் பெரிய பத்தை. முந்தின நாள் ராத்திரி மேலே சொட்டு விழுகிறதென்று அப்பாயி தானே கட்டிலைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். 79 வயதில் யாரையும் எழுப்பாமல் கட்டிலை இழுத்ததற்கு வேறொரு நாளாக இருந்தால் திட்டு விழுந்திருக்கும். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில், வழக்கமாகத் தலையணை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, தரையில் அந்தப் பத்தை கிடந்தது. இன்னொரு படத்தில் கூரை. துருவேறிய கம்பி இரண்டு வெளியே தெரிந்தன.

இந்தத் தொடரில் இதுவரை அடுத்தவர்கள் வீட்டுக் கதைகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மோட்டார், கதவில் கரையான், பாத்ரூம் ஓதம் என்று கேட்டு எழுதுவது சுலபம். சொந்த வீட்டுக் கூரை விழுந்தபோதுதான், மொட்டை மாடியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. வடாம் காயவைக்க, பட்டம் விட, மின்சாரம் போனால் பாய் விரிக்க. அவ்வளவுதான் மாடி எனக்கு.

எரிச்சலான விஷயம் என்னவென்றால், அதற்கு முந்தைய கோடையில்தான் மாடிக்கு 38,000 ரூபாய் செலவு செய்திருந்தோம். ஒரு கான்ட்ராக்டர் வந்து, தட்டோட்டின் மேல் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடித்து, பத்து வருட வாரன்டி என்று ஓர் அட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அட்டையில் இருந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. அப்பா அதை மட்டும் நான்கு நாள் விடாமல் டயல் செய்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

மழை பெய்துகொண்டிருக்கும்போது மாடியைப் பழுது பார்க்க முடியாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரமான வெடிப்பில் சிமென்ட்டைக் குழைத்து அப்பினால் அது பிடிக்காது. கலவை கரைந்து தண்ணீரோடு ஓடித் தூம்பை அடைப்பதுதான் மிச்சம். அப்போது செய்யக்கூடியது மூன்றே காரியம்.

அந்த அறையில் ஆளை இருக்க விடக் கூடாது. சொட்டு ஃபேன் கொக்கி வழியாகவோ லைட் பாயின்ட் வழியாகவோ வந்தால், முதல் வேலையாக அந்தப் பக்கத்து மின் இணைப்பை எம்.சி.பி-யில் அணைத்துவிட வேண்டும். கான்கிரீட் தளத்துக்குள் வயர் போகிற குழாய் புதைந்திருக்கும். தளத்துக்குள் இறங்கும் தண்ணீருக்கு அதுதான் ராஜபாட்டை. எங்கேயோ நுழைகிற தண்ணீர் அதன் வழியே நடந்து, எங்கேயோ இருக்கிற ஃபேனில் வந்து சொட்டும். அதனால்தான் ஃபேனுக்கு நேர் மேலே மாடியில் பார்த்தால் ஒரு வெடிப்பும் இருக்காது.

மூன்றாவது, தார்ப்பாய். மழை விட்டிருக்கும் இடைவெளியில் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்குகிற அளவுக்கு விரித்து, மணல் மூட்டை வைக்க வேண்டும். ஆணி அடித்தால் இன்னும் நான்கு ஓட்டைதான்.

அப்பாயியை வேறு அறைக்கு மாற்றுவதற்குள் அப்பாவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. தாத்தா கட்டிய வீடு, தாத்தா போன அறை. "வுளுந்தா வுளுவட்டும்" என்று மூன்று நாள் சாதித்தார். கடைசியில் எங்கள் தெருவில் இருக்கும் சிவில் இன்ஜினீயர் அண்ணன் ஒருவர் வந்து, சின்னச் சுத்தியலால் கூரையை அங்கங்கே தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கிறது. கெட்ட இடத்தில் பழுத்த பூசணியைத் தட்டினது மாதிரி 'பொத்' என்று கேட்கிறது. அந்த 'பொத்' சத்தம் கேட்ட பிறகுதான் அப்பாயி தலையணையைக் கையில் எடுத்தார். தொங்கிக்கொண்டிருந்த காரையை ஒதுங்கி நின்று நீளக் கம்பியால் தட்டி விழவைத்துவிட்டு, சந்தேகமான இடத்துக்கு இரண்டு இரும்பு முட்டு கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டிலும் கூரையில் வரிவரியாக, கம்பி ஓடுகிற திசையில் வெடிப்பு தெரிந்தால், காரை விழுகிற வரை காத்திருக்காதீர்கள். கம்பி துருப்பிடித்தால், அந்தத் துரு பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அது உள்ளேயிருந்து தள்ளும்போதுதான் காரை பெயர்கிறது. மேலே பூச்சுப் பூசி மறைத்தால் தள்ளல் நிற்காது.

மாடிக்குள் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் முப்பது, நாற்பது வருடத்துக்கு முன்னால் கட்டிய ஆர்.சி.சி. வீடுகளின் மாடியை வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும். கீழே கம்பி வைத்த கான்கிரீட் தளம். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் அடித்து இறுக்கிய அடுக்கு, ஏறக்குறைய மூன்று அங்குலம். அதற்கும் மேலே சிவப்புத் தட்டோடு.

நடு அடுக்குதான் மாடிக்கு உயிர். மழைத் தண்ணீர் தூம்பை நோக்கி ஓடுவதற்கான வாட்டம் அதில்தான் இருக்கிறது. பத்து அடிக்குக் குறைந்தது ஒன்றேகால் அங்குலமாவது இறக்கம் வேண்டும். வெயிலைக் கான்கிரீட்டில் நேரே படவிடாமல் தடுப்பதும் அதுதான். 30 அடி நீளத் தளம், ராத்திரிக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையில் 30 டிகிரி சூடேறினால், கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும். தினமும் நீண்டு தினமும் சுருங்குகிற ஒன்றின் மேல் இறுக்கமான சிமென்ட்டைப் போட்டால் அது வெடிக்காமல் என்ன செய்யும்? சுண்ணாம்பு கொஞ்சம் இளக்கமானது, கூடவே அசையும். ஈரத்தை வாங்கினாலும் வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும்.

இன்னும் பழைய வீடுகளில் கான்கிரீட்டே இருக்காது. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகக் கோணவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, அதன்மேல் ஜல்லி, அதன்மேல் ஓடு. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். அந்த மாதிரி வீடு உங்களுக்கு இருந்தால், சிமென்ட் மட்டுமே தெரிந்தவர்களை மேலே ஏற்றாதீர்கள். அதில் விட்டத்தின் முனை சுவருக்குள் போகிற இடம்தான் முதலில் மக்கும். அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

பாத்தி கட்டிய கொத்தனார்

மார்கழி முடிந்து வானம் வெளுத்ததும் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதலாமவர் பத்து நிமிடம் நின்றார். பழைய வெள்ளைப் பூச்சின் மேல் இன்னும் ஒசத்தியான பூச்சு, 45,000 ரூபாய் என்றார். இரண்டாமவர் டேப் பிடித்து 620 சதுர அடி என்று குறித்துக்கொண்டு, பழையதை எதுவும் செய்ய வேண்டாம், மேலேயே இரண்டு அங்குலத்துக்குக் கலவை போட்டு வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிடலாம், வீடும் குளுகுளு என்று இருக்கும், 1,40,000 ரூபாய் என்றார். அப்பா அதற்குக் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டார். ஒருமுறை செய்தால் வேலை முடிந்தது என்று ஒரு நினைப்பு.

தடுத்தது இன்ஜினீயர் அண்ணன் போட்ட கணக்கு. ஒரு சதுர அடியில் ஓர் அங்குலக் கனத்துக்குப் போடும் கலவை சுமார் 5 கிலோ. இரண்டு அங்குலத்துக்கு 10 கிலோ. 620 சதுர அடிக்கு 6,200 கிலோ. "அஞ்சாறு அம்பாசடர் காரை மாடில நிறுத்துற மாதிரி. அதுவும் கம்பி துருப்பிடிச்ச தளத்துமேல. எடுக்கவே எடுக்காதீங்க" என்றார். ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கிற ஜல்லி அடுக்கை அப்படியே மூடினால், அந்த ஈரம் கீழே கம்பிக்குத்தான் போகும் என்பது அதைவிட முக்கியமான பாயின்ட். சென்ற கோடையில் அடித்த வெள்ளைப் பூச்சு செய்த வேலையும் இதுதான். வெடிப்பு வழியே நுழைந்த தண்ணீருக்கு வெயிலில் ஆவியாகிப் போக இருந்த ஒரே வழியை அது அடைத்துவிட்டது. 38,000 ரூபாய் கொடுத்து ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

(பூச்சு எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. காய்ந்த, வெடிப்பு அடைத்த, வாட்டம் சரியாக உள்ள தளத்தில் அக்ரிலிக் பூச்சு நன்றாகவே உழைக்கும். வெள்ளையாக இருந்தால் சூடும் குறையும். தளம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால், பூச்சுக்காரரை அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள்.)

மூன்றாவதாக வந்தவர் எங்கள் வீட்டுத் தளம் போடும்போது கையாளாக இருந்தவராம். 1994-ல் அவருக்கு மீசை முளைத்த வயது. இப்போது தலை முழுக்க நரை. ஏறியவுடன் வெடிப்பைப் பார்க்கவில்லை. தூம்பைப் பார்த்தார். இரண்டு தூம்பில் ஒன்றின் வலையையே வெள்ளைப் பூச்சில் சேர்த்து அடித்து மூடியிருந்தார்கள். ஒரு வருடமாக மாடித் தண்ணீர் முழுக்க ஒரே தூம்பில் போயிருக்கிறது. எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். மாடியில் களிமண்ணால் வரப்பு கட்டினார். நாற்றங்காலில் பாத்தி கட்டுவார்களே, அதேபோல நான்கு பாத்தி. தாழ்வான பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு நாளைக்கு ஒரு பாத்தியில் மட்டும் விரல்கணு அளவுக்குத் தண்ணீர் விட்டார். கீழே அறை காலி, மின்சாரம் அணைத்தாயிற்று, முட்டு இருக்கிறது. பழைய தளத்தில் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் தண்ணீர் கட்டிச் சோதிக்கக் கூடாது, தண்ணீருக்கும் கனம் உண்டு என்று அவரே சொன்னார்.

முதல் நாள் ஒன்றுமில்லை. அப்பாயி அறைக்கு நேர் மேலே இருக்கிற பாத்தி அதுதான். இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள், அறையிலிருந்து பதினாலு அடி தள்ளி, தண்ணீர் டேங்க் நிற்கிற மூலையில் தண்ணீர் விட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பாயி அறை ஃபேன் கொக்கியில் முதல் சொட்டு.

"நான் சொல்லல? தண்ணி நடக்கும் பாப்பா. நாமதான் அது எங்க நிக்கிதோ அங்கயே தேடிக்கிட்டு இருப்போம்" என்றார்.

டேங்க் மூலையில் என்ன நடந்தது என்பது பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் பக்கம் புரட்டிப்போட்டபோது மாடி டேங்க் உருண்டு கைப்பிடிச் சுவரில் மோதியது. தென்னை போனது, கொட்டகை போனது, வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. அந்த அமளியில் டேங்க்கை யார் பார்த்தார்கள்? பிறகு புது டேங்க் வைக்க வந்தவர் இரும்பு ஸ்டாண்டை நிறுத்தி, அதன் நான்கு காலுக்கும் தட்டோட்டில் துளை போட்டு போல்ட் முடுக்கினார். அந்த எட்டுத் துளையும், டேங்க் மோதியதில் கைப்பிடிச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் விழுந்த மயிரிழை வெடிப்பும்தான் ஏழு வருடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

டிஷ் ஆன்டெனா, சோலார் ஹீட்டர், ஏ.சி-யின் வெளி யூனிட், கொடிக்கம்பம் என்று எது வந்தாலும் தளத்தில் துளை போட விடாதீர்கள். தளத்தின் மேலே ஒரு சின்ன கான்கிரீட் மேடை கட்டி, போல்ட்டை அதில் முடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டில் பொருத்தச் சொல்லுங்கள். வருகிற ஆளுக்கு நேரம் பிடிக்கும், முணுமுணுப்பார். டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

கட்டை துள்ள வேண்டும்

கொத்தனார் சொன்ன யோசனை: முழு மாடியையும் உடைக்க வேண்டாம். டேங்க் மூலையைச் சுற்றி 140 சதுர அடி மட்டும் கான்கிரீட் வரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம். மற்ற இடங்களில் வெள்ளைப் பூச்சைச் சுரண்டி எடுத்து, ஓட்டு இடுக்குகளை மட்டும் கீறிப் புதிதாக அடைக்கலாம். அப்பா தயங்கினார். தங்கையின் காலேஜ் ஹாஸ்டல் பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்த பணம் வேறு. அம்மாதான் முடிவெடுத்தார். "மூணு பேர் வந்ததுல கீழ எறங்கி வந்து அத்தை ரூம பார்த்தது இவர் ஒருத்தர்தான்."

மாசி கடைசியில் வேலை ஆரம்பித்தது. நான் இரண்டு வாரம் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டைப் பெயர்த்தபோது, அடியில் ஜல்லி அடுக்கு கையில் பிடித்தால் பிசுபிசுவென்று இருந்தது. மழை விட்டு இரண்டு மாதம் ஆகியும் காயவில்லை! ஓர் இடத்தில் கைப்பிடிச் சுவர் அடியில் அரசங்கன்று ஒன்று. மேலே விரல் நீளம்தான். உள்ளே வேர் முழ நீளம் ஓடியிருந்தது. காக்கை போட்ட விதை. ஆசிட் ஊற்றினால் செத்துப்போகும் என்று யாரோ சொன்னதைச் சொன்னேன். "செடி சாவுறதுக்கு முன்னாடி சுண்ணாம்பு செத்துரும், சிமென்ட்டும் செத்துரும்" என்றார் கொத்தனார். ஓட்டை எடுத்து, வேரை முழுசாக இழுத்து, குழியை அடைத்தார்கள்.

உடைத்த இடம் ஒரு வாரம் வெயிலில் காய்ந்தது. கான்கிரீட்டில் தெரிந்த வெடிப்பை உளியால் 'வி' வடிவத்துக்கு அகலப்படுத்தி, தூசி ஊதி, பாலிமர் கலந்த கலவையால் அடைத்தார்கள். பிறகு ஜல்லி. நீர்த்த சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டிப் பரப்பி, இரண்டு அக்காக்கள் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்தார்கள். அடிக்கும்போது தெளிப்பதற்கு, கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு தண்ணீரில் நாலைந்து நாள் ஊறப்போட்ட சாறு. மாடி முழுக்கப் புளித்த வாடை. எறும்பு வருமே என்று தங்கை கவலைப்பட்டாள். (வந்தது. இரண்டு நாளில் போய்விட்டது.)

எப்போது போதும் என்று எப்படித் தெரியும் எனக் கேட்டேன். ஓர் அக்கா கட்டையை என்னிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார். முதல் நாள் கட்டை புதைந்தது. மூன்றாம் நாள் அதே இடத்தில் அடித்தபோது கட்டை திருப்பித் துள்ளியது, உள்ளங்கை அதிர்ந்தது. "இப்பதான் வேணாங்குது" என்றார் அக்கா. பத்து நிமிடம் அடித்ததில் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. அவர்கள் காலை எட்டு மணியிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரைவிட அவர்களுக்குக் கூலி ஏன் அவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் நல்ல பதில் இல்லை. அம்மா கடைசி நாள் தனியாகக் கொஞ்சம் கொடுத்தார்.

அதன்பின் சாக்கு விரித்துப் பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டது அப்பாவின் வேலை. தட்டோட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல், கூடவே நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பதித்தார்கள். இடுக்கு அடைக்கும் கலவையில் ஓட்டு நிறம் வருவதற்காகச் செம்மண் நிறப் பொடி. ஊறவைக்காத ஓடு கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை மட்டும் கொத்தனார் வேறு யாரையும் தொட விடவில்லை. சுவர் ஒரு மாதிரி அசையும், தளம் ஒரு மாதிரி அசையும், அதனால் அந்த இடம் எப்போதும் பிளக்கப் பார்க்கும் என்றார். சுவர் பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டு, மூலையில் தண்ணீர் தேங்காதபடி உள்வளைவாக ஒரு சாய்வு கொடுத்து, சுவர்மேல் அரை அடி வரை ஏற்றிப் பூசினார். அது காய்ந்த பிறகு அந்த இடத்துக்கு மட்டும் வலைத் துணி வைத்து இரண்டு கோட் அக்ரிலிக் பூச்சு.

கீழே கூரை வேலை தனியாக நடந்தது. தளர்ந்த காரையை எல்லாம் எடுத்து, கம்பியைச் சுற்றிலும் தெரிகிற அளவுக்குக் கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பிடிப்புத் திரவம் பூசி, பாலிமர் கலவையால் இரண்டு தவணையாக நிரப்பினார்கள். கம்பி மேலாகத்தான் துருப்பிடித்திருந்தது, மெலியவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும், அதைக் கொத்தனார் மட்டும் முடிவு செய்யக் கூடாது.

கணக்கு கேட்பீர்கள் என்று தெரியும். 140 சதுர அடி உடைத்துப் போட்டதற்கு 26,000. மற்ற இடத்தைச் சுரண்டி, இடுக்கு அடைத்து, சுவர் மூலை பூசியதற்கு 17,000. கூரைக் கம்பி வேலை 11,500. தூம்பு, குழாய், டேங்க்குக்குப் புது மேடை 4,200. மொத்தம் 58,700 ரூபாய். உங்கள் ஊர்க் கூலியும் உங்கள் மாடியின் நிலைமையும் வேறாக இருக்கும், இதை வைத்து யாரிடமும் பேரம் பேச வேண்டாம்.

அப்பார்ட்மென்ட் வாசகர்கள் சிலர் போன வாரமே கேட்டிருந்தீர்கள்: கடைசி மாடியில் ஒழுகினால் யார் செலவு? மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவான பகுதி. கீழ்வீட்டுக்காரர் "எனக்கு ஒழுகலையே" என்று சொன்னால், தூண் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். முடிவைச் சங்கக் கூட்டத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

இந்தத் தொடரை நீங்கள் படிப்பது புரட்டாசிக்கு முன்னால். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு துடைப்பமும் ஒரு கரித்துண்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். துடைப்பம் தூம்புக்கு. இலை, தேங்காய் நார், துணி கிளிப், தங்கச்சியின் இறகுப்பந்து எல்லாம் எங்கள் தூம்பில் இருந்தன. 620 சதுர அடியில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 1,460 லிட்டர் தண்ணீர் சேரும். அத்தனையும் அந்த நான்கு அங்குல ஓட்டையில்தான் போயாக வேண்டும். மழைநீர் சேமிப்புக் குழாய் 2003-ல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமானபோது நாங்களும் வைத்தோம். அதன் தொட்டியைத் திறந்து பார்த்தது இந்த வருடம்தான். கூழாங்கல்லே தெரியாத அளவுக்குச் சேறு.

கரித்துண்டு, அடுத்த மழை விட்ட மறுநாள் காலைக்கு. எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அதைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிடுங்கள். வெயிலில் காய்ந்த பிறகு வருகிற கொத்தனாருக்கு நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்தக் கோடு தெளிவாகச் சொல்லும். தேதியையும் எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

எங்கள் மாடியில் இப்போது ஒரு கோடு இருக்கிறது. ஆடி கடைசியில் ஒரு ராத்திரி இடியோடு பெய்த மழைக்கு அப்பா நான்கு முறை எழுந்து அப்பாயி அறைக் கூரையைப் பார்த்திருக்கிறார். ஒரு சொட்டு இல்லை. ஆனால் மறுநாள் காலையில் படிக்கட்டு அறை ஓரமாக, புதிதாகப் போட்டதற்கும் பழையதற்கும் நடுவில், சாப்பாட்டு இலை அகலத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. கொத்தனாரைக் கூப்பிட்டோம். மட்டக்குழாய் வைத்துப் பார்த்து, தன் வாட்டம் அரை விரல் தப்பியிருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டு, ஆவணி முகூர்த்த வேலைகள் முடிந்ததும் வந்து நான்கு ஓட்டைத் தூக்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். காசு வேண்டாமாம்.

அப்பாயியின் கட்டில் அறைக்குத் திரும்பிவிட்டது. ஃபேனுக்கு நேர் கீழே போடலாம் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் இன்னும் சுவரோரமாகத்தான் படுக்கிறார்.